படுக்கைப் புண்: களிம்புக்கு முன்னால் கவனிக்க வேண்டியவை

கேள்வி இதுதான்: பக்கவாதத்தால் இரண்டு மாதமாகப் படுக்கையிலேயே இருக்கும் அம்மாவுக்கு, வால் எலும்பை ஒட்டித் தோல் சிவந்து, இப்போது ஒரு நாணய அளவுக்கு உரிந்துவிட்டது. இடது குதிகாலில் கருஞ்சிவப்பாக ஒரு திட்டு. எந்தக் களிம்பு நல்லது? ஏர் பெட் வாங்கிப் போட்டால் போதுமா?

களிம்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இந்த நிமிடம் அம்மா எப்படிப் படுத்திருக்கிறார் என்று பாருங்கள். மல்லாந்து படுத்திருந்தால், உரிந்த அதே இடத்தில்தான் பாரம் இறங்கிக்கொண்டிருக்கிறது. முதலில் அவரை ஒருக்களித்து வைத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். படுக்கைப் புண் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் வீடுகளில் வாரத்துக்கு ஒரு மருந்து மாறும். படுக்கும் நிலை மட்டும் மாறவே மாறாது. புண்ணின் மேல் ஆள் படுத்திருக்கிற வரை எந்த மருந்தும் அதை ஆற்றாது.

நடமாட்டம் உள்ளவர் தூக்கத்தில்கூட அடிக்கடி புரள்வார். ஓரிடம் அழுந்தி ரத்த ஓட்டம் குறைந்ததும் உடம்பு தானாக நகர்ந்துகொள்ளும். பக்கவாதம், முதுகுத்தண்டில் அடி, முற்றிய ஞாபகமறதி நோய், மயக்கம், அதிகப்படியான தூக்க மருந்து எல்லாமே அந்த உணர்வையோ நகரும் திறனையோ பறித்துவிடுகின்றன. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சிக்கிய சதையில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்கி மூடிக்கொள்ளும். செல்களும் நசுங்கி உருக்குலையும். சில மணி நேரத்தில் சேதம் தொடங்கிவிடும். இந்த அழுத்தத்தைத் தோல் தாங்கும் அளவுக்குத் தசை தாங்காது. அதனால் எலும்பை ஒட்டிய ஆழத்தில் சேதம் அகலமாகவும் தோலில் சிறிதாகவும் இருக்கும், புனலைக் கவிழ்த்து வைத்தது போல. மேலே நாணய அளவுக்குத் தெரிகிற புண்ணுக்குள் உள்ளங்கை அகலத்துக்குக் குழி இருப்பதும், "நேற்றுவரை ஒன்றுமே இல்லையே" என்று வீட்டார் திகைப்பதும் இதனால்தான்.

அழுத்தத்துக்கு இரண்டு கூட்டாளிகள் உண்டு. ஒன்று, சறுக்கல். தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தால் உடம்பு மெல்ல மெல்லக் கீழே வழுக்கும். தோல் விரிப்போடு ஒட்டி அங்கேயே நிற்க, உள்ளே எலும்பு மட்டும் இறங்கும். நடுவில் உள்ள ரத்தக் குழாய்கள் இழுபட்டு மடங்கிவிடும். வால் எலும்புப் பகுதியில் இவ்வளவு புண் வருவதற்கு இதுவே பெரிய காரணம். இன்னொன்று, ஈரம். வெகுநேரம் தண்ணீரில் இருந்த விரல் எப்படி ஊறிச் சுருங்குகிறதோ அப்படித்தான் சிறுநீரிலும் வியர்வையிலும் ஊறிய தோலும். லேசான உரசலுக்கே உரிந்துவிடும்.

புண் வருகிற இடங்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். மல்லாந்து படுப்பவருக்குப் பின்மண்டை, தோள்பட்டை எலும்பு, முழங்கை, வால் எலும்புப் பகுதி, குதிகால். ஒருக்களித்துப் படுப்பவருக்குக் காது மடல், தோள், இடுப்பின் பக்கவாட்டில் துருத்தும் எலும்பு, இரண்டு முழங்கால்களும் ஒன்றோடொன்று முட்டும் இடம், கணுக்கால். நாற்காலியில் இருப்பவருக்கு உட்காரும் எலும்புகள் இரண்டும். இவை போக, குழாய்கள். ஆக்சிஜன் குழாய் காதுக்குப் பின்னால், மூக்கில் போட்ட உணவுக் குழாய் நாசித் துவாரத்தின் ஓரத்தில், தொடைக்கு அடியில் மாட்டிக்கொண்ட சிறுநீர்க் குழாய் தொடையில் புண் உண்டாக்கும்.

காலையும் இரவும், உடம்பு துடைக்கும்போது, நல்ல வெளிச்சத்தில் இந்த இடங்களைப் பாருங்கள். சிவந்த இடத்தை ஒரு விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்து, பிறகு நிறம் திரும்பினால் ரத்த ஓட்டம் இன்னும் இருக்கிறது. உடனே பாரத்தை எடுத்தால் சரியாகிவிடும். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் அதுவே முதல் நிலைப் புண். கருத்த, மாநிறத் தோலில் இந்தச் சிவப்பும் தெரியாது, வெளுப்பும் தெரியாது. அதை நம்பி உட்கார்ந்தால் கோட்டை விடுவீர்கள். அங்கே புறங்கையால் தொட்டுப் பார்ப்பதுதான் வழி. பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ, கெட்டியாகவோ சேறு போலக் கொழகொழவென்றோ, வீங்கியோ, தொட்டால் வலித்தோ, நிறம் ஊதா கலந்தோ இருந்தால் சிவப்பு தெரிந்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நிலையில் மேல்தோல் உரிந்து இளஞ்சிவப்பாக ஈரமாகத் தெரியும், அல்லது நீர்க்கொப்புளமாக இருக்கும். மூன்றாம் நிலையில் தோல் முழுக்கப் போய்க் கொழுப்பு தெரியும். நான்காவதில் தசை, தசைநார், எலும்புவரை போய்விடும். இவை போக இரண்டு வகை. மஞ்சளாக நைந்த சதையோ கரும்பொருக்கோ மூடியிருப்பதால் ஆழமே தெரியாதது ஒன்று. தோல் கிழியாமலேயே அடியில் ஊதாவாக, கன்றிப்போனது போல இருப்பது மற்றொன்று. ஆழ்திசுச் சேதம் என்பார்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பின்பக்கத்தில் இருப்பது இரண்டாம் நிலை. குதிகாலில் இருப்பது ஆழ்திசுச் சேதமாக இருக்க வாய்ப்பு அதிகம். பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும் இந்தக் குதிகால்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. சில நாட்களில் அது திறந்துகொண்டு நேராக மூன்றாம், நான்காம் நிலையாக வெளிப்படலாம். மருத்துவரோ காயப் பராமரிப்புச் செவிலியரோ இந்த வாரமே நேரில் பார்க்கட்டும்.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். டயப்பர் ஈரத்தால் வரும் அரிப்புப் புண்ணும் பின்பக்கத்தில்தான் வரும். அது பிட்டப் பிளவுக்குள்ளும் இரு பக்கமும் பரவலாக, ஓரம் தெளிவில்லாமல், மேலோட்டமாக இருக்கும். அழுத்தத்தால் வந்தது எலும்புக்கு நேர் மேலே, ஓரம் தெளிவாக இருக்கும். முன்னதற்கு ஈரத்தை நிறுத்தினால் போதும். பின்னதற்குப் பாரத்தை எடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருக்கிற நோயாளிகளும் நிறைய.

இனி புரட்டுவது. 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு காயப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மான், இரவும் பகலும் இரண்டு மணிக்கொரு தடவை நோயாளிகளைத் திருப்பிப் போட வைத்தார். அந்த இரண்டு மணி நேரக் கணக்குதான் இன்றுவரை வழக்கத்தில் இருக்கிறது. சாதாரண மெத்தை என்றால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தைப் பரப்பும் நல்ல தடித்த ஃபோம் மெத்தையோ ஏர் பெட்டோ இருந்து, தோலும் நன்றாக இருந்தால், சிலருக்கு இரவில் மூன்று, நான்கு மணி நேரம்வரை நீட்டலாம். சரியான இடைவெளி எது என்று அவருடைய தோலே சொல்லும். திருப்பிய அரை மணி நேரத்துக்குப் பிறகும் சிவப்பு மறையவில்லை என்றால் அந்த இடைவெளி அவருக்கு அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒருக்களிப்பது என்றதும் செங்குத்தாக 90 பாகையில் பக்கவாட்டில் படுக்க வைத்துவிடுவார்கள். அப்போது பாரம் முழுக்க இடுப்பின் பக்கவாட்டு எலும்பில் விழுந்து அங்கே புதுப் புண் வரும். வேண்டியது 30 பாகைச் சாய்வு, கிட்டத்தட்ட மல்லாந்ததற்கும் ஒருக்களித்ததற்கும் இடைப்பட்ட நிலை. செய்யும் முறை: கட்டிலைச் சமமாக்குங்கள். அவர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கம் நின்று, எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி, கையை மார்பின் குறுக்கே வையுங்கள். எதிர்ப்பக்கத் தோள்பட்டையின் பின்னாலும் இடுப்பிலும் உள்ளங்கையை வைத்து உங்களை நோக்கி உருட்டுங்கள். இன்னொருவர் தோளிலிருந்து இடுப்புவரை முதுகின் நீளவாக்கில் ஒரு தலையணையைக் கொடுக்கட்டும். பிறகு அதன் மேல் மெல்லச் சாய விடுங்கள். இப்போது பாரம் பிட்டத்தின் சதைப்பற்றில் நிற்க வேண்டும். நின்றதா என்று கண்ணால் தெரியாது. உங்கள் கையை அடியில் நுழையுங்கள். வால் எலும்பு மெத்தையைத் தொடக் கூடாது, பக்கவாட்டு எலும்பும் தொடக் கூடாது. ஏதாவது ஒன்று தொட்டால் தலையணையைக் கொஞ்சம் உள்ளேயோ வெளியேயோ நகர்த்துங்கள். கடைசியாக, முழங்கால்களுக்கு நடுவே கணுக்கால்வரை நீளும் ஒரு தலையணை.

பக்கவாதம் என்பதால் இன்னொன்று. விழுந்துபோன கையைப் பிடித்து இழுத்து ஒருபோதும் திருப்பாதீர்கள்; தோள்மூட்டு இறங்கிவிடும். அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கும்போது தோள்பட்டை எலும்பைச் சற்று முன்னால் எடுத்துவிட்டு, கைக்கு அடியில் தலையணை கொடுங்கள். உணர்வில்லாத பக்கம் வலி சொல்லாது. அந்தப் பக்கத்து முறைக்கு நேரத்தைக் குறைத்து வைப்பது நல்லது. வால் எலும்பில் புண் இருக்கிற வரை மல்லாந்த நிலையை முறைவரிசையிலிருந்தே எடுத்துவிடுங்கள்: வலம், இடம், வலம், இடம். மல்லாந்து இருப்பது சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும். சுவரில் ஒரு தாள் ஒட்டி, மணியும் பக்கமும் எழுதுங்கள். மூன்று பேர் மாறி மாறிப் பார்க்கும் வீட்டில் "நீ திருப்பினாய் என்று நினைத்தேன்" என்பதில்தான் ஆறு மணி நேரம் போய்விடும்.

கட்டிலில் மேலே ஏற்ற, அக்குளில் கை கொடுத்து இழுக்காதீர்கள். அடியில் குறுக்கே மடித்துப் போட்ட விரிப்பை இருவர் இருபுறமும் உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, சற்றே தூக்கி நகர்த்த வேண்டும். தனி ஆளாகப் பார்ப்பவர் வழுக்குத் துணி ஒன்று வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. வேலை முடிந்ததும் அதை உருவி எடுத்துவிட வேண்டும். மறந்து விட்டுவிட்டால் நாள் முழுக்கச் சறுக்கிக்கொண்டே இருப்பார்.

தலைப்பக்கம் 30 பாகைக்கு மேல் உயர வேண்டாம். ஆனால் விழுங்குவதில் சிரமம் உள்ளவரைச் சாய்த்துப் படுக்க வைத்து ஊட்டுவது அதைவிட ஆபத்து. உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சாப்பிடும்போது நன்றாக நிமிர்த்தி, முடிந்தபின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைத்திருந்து இறக்கிவிடுங்கள். குழாய் வழி உணவு என்றால் மருத்துவர் சொன்ன உயரத்தைக் குறைக்காதீர்கள். உயர்த்தும்போது முதலில் முழங்காலுக்கு அடியில் சற்று ஏற்றிவிட்டு, அப்புறம் தலைப்பக்கத்தை ஏற்றினால் சறுக்கல் பெருமளவு குறையும். ஏற்றிய பிறகு முதுகை ஒரு தடவை மெத்தையிலிருந்து விலக்கித் திரும்பச் சாய விடுங்கள். விரிப்போடு ஒட்டி இழுபட்ட தோல் அப்போதுதான் தளரும்.

குதிகாலுக்கு ஒரே வழி, அது எதன் மேலும் படாமல் அந்தரத்தில் நிற்பது. தலையணையை நீளவாக்கில் கெண்டைக்காலுக்கு அடியில் வையுங்கள், முழங்காலிலிருந்து கணுக்காலுக்குச் சற்று முன்வரை. முழங்கால் லேசாக, 5 முதல் 10 பாகை மடங்கியிருக்கட்டும். குதிகாலுக்கும் மெத்தைக்கும் நடுவில் ஒரு தாளை நுழைத்தால் தடையில்லாமல் போய்வர வேண்டும். தலையணையின் விளிம்பு குதிகால் தசைநாருக்கு நேர் அடியில் நின்றால் அங்கே புண் வரும். பாரம் கெண்டைச் சதை முழுக்கப் பரவ வேண்டும். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு வைப்பது இன்னும் ஓயவில்லை. அது பாரத்தை எடுக்காது, சின்ன இடத்தில் குவிக்கும். அந்தத் திட்டைக் குத்தவோ உரிக்கவோ வேண்டாம். பின்னால் அது உலர்ந்து, சீழோ ஓரச் சிவப்போ இல்லாமல், கெட்டியான கரும்பொருக்காக மாறினாலும் பிய்க்கக் கூடாது. அதுவே இயற்கையான மூடி. சர்க்கரை நோயோ காலில் ரத்த ஓட்டக் குறைவோ இருந்தால் பாத நாடியை மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

ஏர் பெட் கேள்விக்கு வருவோம். வாங்குங்கள், ஆனால் அது புரட்டுவதற்கு மாற்று இல்லை. குமிழ் குமிழாகவோ குழாய் குழாயாகவோ உள்ள அறைகளில் மோட்டார் சில நிமிடங்களுக்கு ஒருமுறை காற்றை மாற்றி மாற்றி ஏற்றி இறக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அதை வெறும் பலகையில் போடாமல் வழக்கமான மெத்தையின் மேல் போட வேண்டும். குழாய்ப் பக்கம் கால்மாட்டில். மோட்டாரில் உள்ள குமிழை அவருடைய எடைக்கு ஏற்பத் திருப்புங்கள். இறுக்கமாக இருந்தால்தான் நல்லது என்று கடைசிவரை திருப்பி வைத்தால் அது கல் மெத்தை. குறைவாக இருந்தால் தரைதட்டும். சோதிக்க, அவர் படுத்திருக்கும்போதே ஏர் பெட்டுக்கும் கீழ் மெத்தைக்கும் நடுவில், இடுப்புக்கு நேராக, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கக் கையை நுழையுங்கள். கைக்கும் உடம்புக்கும் இடையே குறைந்தது இரண்டரை சென்டிமீட்டர் காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் தட்டுப்பட்டால் மெத்தை இருந்தும் இல்லாத கணக்கு.

மேலே ஒரே ஒரு தளர்வான பருத்தி விரிப்பு. அதன் மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் மடித்த போர்வை, அதன் மேல் டயப்பர் பேட் என்று அடுக்கினால் காற்றின் ஏற்ற இறக்கம் தோலுக்கு வந்து சேராது. குழாய் மடங்கியிருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா என்று ஒவ்வொரு முறை திருப்பும்போதும் ஒரு பார்வை. மின்சாரம் போனால் சில மாடல்கள் விரைவில் தளர்ந்துவிடும். அப்போது கடிகாரத்தைப் பார்த்து இரண்டு மணிக்கொரு தடவை.

டியூப் போல நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை வேண்டவே வேண்டாம். ஓட்டையின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுவில் உள்ள தோலுக்கு ரத்தம் வராமல் செய்துவிடும். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவதும் அப்படித்தான். உள்ளே ஏற்கெனவே நைந்த ரத்தக் குழாய்கள் தேய்ப்பில் அறுபடும்.

சக்கர நாற்காலியில் உட்கார வைப்பவர்கள் கவனிக்க: உட்காரும்போது படுப்பதைவிடச் சிறிய இடத்தில் அதிகப் பாரம் இறங்குகிறது. தானாக முடிந்தவர் 15 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ ஓரிரு நிமிடம் இருக்க வேண்டும். கையை ஊன்றி ஒரு கணம் எம்பி இறங்குவது போதாது. ரத்தம் திரும்ப ஊற அதைவிட நேரம் வேண்டும். முடியாதவரை மணிக்கொரு தடவை மற்றவர் நகர்த்த வேண்டும். கால்தாங்கி உயரமாக இருந்தால் தொடை மேலே எழும்பி, பாரம் முழுக்க உட்காரும் எலும்பில் விழும். தொடை முழுக்க இருக்கையில் படிகிற உயரத்துக்கு அதை இறக்குங்கள். பின்பக்கத்தில் புண் இருக்கும்போது நாளுக்கு மூன்று தடவைக்கு மேலோ, ஒரு தடவை ஒரு மணி நேரத்துக்கு மேலோ உட்கார வைக்க வேண்டாம்.

ஈரம். இரண்டு மணிக்கொரு முறை திருப்பும்போதே டயப்பரைப் பாருங்கள், மலம் என்றால் உடனே மாற்றுங்கள். அழுத்தித் துடைப்பதில்தான் பாதித் தோல் உரிகிறது. வெதுவெதுப்பான நீரும் காரமில்லாத சோப்பும் மென்மையான துணியும் போதும். ஒற்றி எடுத்து உலர விடுங்கள். அதன் மேல் ஜிங்க் ஆக்ஸைடோ டைமெத்திகோனோ உள்ள தடுப்புக் களிம்பு மெல்லிசாக. அடுத்த முறை ஒட்டியிருக்கும் ஜிங்க் களிம்பைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. அழுக்கான மேற்பூச்சை மட்டும் எடுத்துவிட்டு மேலேயே பூசலாம். டால்கம் பவுடர் ஈரத்தோடு சேர்ந்து உருண்டை கட்டி உப்புத்தாள் மாதிரி உரசும். படுத்திருக்கும்போது முடிந்தவரை டயப்பரைக் கட்டாமல் பிரித்து அடியில் விரித்து விடுங்கள்; புழுக்கம் குறையும். பேதியோ மலச்சிக்கலில் கசிவோ தொடர்ந்து இருந்தால் அதற்கு வைத்தியம் பார்க்காமல் பின்பக்கப் புண்ணை ஆற்ற முடியாது.

சாப்பாட்டை மருந்துச் சீட்டின் ஒரு வரியாகவே எண்ணுங்கள். புண் உள்ளவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 30 முதல் 35 கலோரி, 1.25 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 50 கிலோ எடை என்றால் 63 முதல் 75 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் 6 அல்லது 7 கிராம், 30 கிராம் பருப்பில் சுமார் 7 கிராம், சமைத்த 100 கிராம் மீனிலோ கோழியிலோ 20 கிராமுக்கு மேல். கூட்டிப் பார்த்தால் வெறும் கஞ்சியும் பிஸ்கட்டும் எவ்வளவு தூரம் பின்தங்குகின்றன என்று புரியும். மூன்று வேளையாகச் சாப்பிட முடியாதவருக்கு ஆறு வேளையாகப் பிரியுங்கள். சிறுநீரக நோய் இருந்தால் புரத அளவை மருத்துவரிடம் கேட்டே கூட்ட வேண்டும். சர்க்கரையும் ரத்தசோகையும் கட்டுக்குள் வர வேண்டும். குறைபாடு இல்லாதவருக்கு வைட்டமின் மாத்திரைகளை அள்ளிக் கொடுப்பதால் புண் வேகமாக ஆறாது.

இப்போது புண். பழைய எண்ணம், புண் காய்ந்தால் ஆறும் என்பது. 1962-ல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் செய்து பார்த்ததில், மூடி ஈரப்பதத்தோடு வைத்தவை காய விட்டவற்றைவிட வேகமாக மூடிக்கொண்டன. புதுத் தோல் செல்கள் ஈரமான பரப்பில்தான் ஊர்ந்து நகரும். பொருக்கு கட்டினால் அதற்கு அடியில் சுற்றிப் போக வேண்டும். அதனால் மின்விசிறிக் காற்று, விளக்குச் சூடு, வெயில் எதுவும் வேண்டாம்.

உரிந்த இடத்துக்கான டிரெஸ்ஸிங் இப்படி. வலி இருக்கிறவருக்கு மருத்துவர் அனுமதித்த வலி மாத்திரையை அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாகக் கொடுத்துவிடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கையுறை அணிந்து, பழைய டிரெஸ்ஸிங்கை முடி வளரும் திசையில், தோலோடு ஒட்டிப் படுத்தவாக்கில் மெல்ல உரியுங்கள். மறு கையால் தோலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒட்டியிருந்தால் சலைன் (உப்பு நீர்) ஊற்றி ஊற விடுங்கள், பிடுங்கினால் புதுத் தோலும் சேர்ந்து வரும். அழுக்குக் கையுறையை மாற்றுங்கள். 20 மில்லி சிரிஞ்சில், ஊசி இல்லாமல், சலைனை எடுத்துப் புண்ணைக் கழுவி விடுங்கள். கடைச் சலைன் இல்லையென்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு. தராசில் நிறுத்துப் போடுவது உத்தமம். மூடி வைத்து, 24 மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிடுங்கள். சுற்றியுள்ள தோலை மட்டும் ஒற்றி உலர்த்துங்கள்.

மேலே ஒட்ட, சீழில்லாத, கசிவு குறைந்த புண்ணுக்கு ஹைட்ரோகொலாய்டு, அதாவது கசிவை உறிஞ்சிக் கூழாகும் ஒட்டுப்பட்டை, நல்லது. உறையோடு அரை நிமிடம் உள்ளங்கையில் பிடித்துச் சூடாக்கி, புண்ணைத் தாண்டி எல்லாப் பக்கமும் 2 முதல் 3 சென்டிமீட்டர் வரும்படி ஒட்டி, கையால் மூடிக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். ஓரம் கசியாமல் இருந்தால் மூன்றிலிருந்து ஏழு நாள்வரை தொடவே வேண்டாம். எடுக்கும்போது மஞ்சளாகவோ பழுப்பாகவோ கொழகொழவென்று வாடையோடு ஒன்று இருக்கும். அது டிரெஸ்ஸிங் கரைந்தது. சீழ் என்று பயப்படாமல் முதலில் கழுவுங்கள். கழுவிய பிறகும் வாடை இருந்தால்தான் கவலை. கசிவு அதிகம் என்றால் சிலிகான் ஓரமுள்ள ஃபோம் டிரெஸ்ஸிங் பொருத்தம். இரண்டும் கிடைக்காவிட்டால் பாரஃபின் காஸ் (புண்ணில் ஒட்டாமலிருக்க பாரஃபின் தடவிய வலைத்துணி), அதன் மேல் உலர்ந்த காஸ், தினமும் மாற்றலாம்.

ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்து அழுக்கு போகிறது என்று நினைக்காதீர்கள். அது கிருமியோடு புதுச் சதையையும் கொல்கிறது. ஸ்பிரிட்டும் அப்படியே. பெட்டடினை மருத்துவர் தொற்றுக்காகச் சில நாளைக்குச் சொல்லியிருந்தால் போடலாம். சிவப்பாகச் சுத்தமாக வளரும் புண்ணில் மாதக்கணக்கில் ஊற்ற வேண்டாம். மஞ்சள், சாம்பல், தேங்காய் எண்ணெய், மாத்திரைப் பொடி எதையும் திறந்த புண்ணில் போடாதீர்கள். நாற்றத்துக்கு மெட்ரோனிடஸோல் ஜெல் உதவும், மருத்துவர் சொன்னால்.

மூன்றாம், நான்காம் நிலைக்கு வீட்டில் தானாக வைத்தியம் ஆரம்பிக்கக் கூடாது. செத்த சதையை வெட்டி எடுப்பது பயிற்சி உள்ளவர் வேலை. அது கிடக்கிற வரை கிருமிக்குச் சாப்பாடு, புதுச் சதைக்கு முட்டுக்கட்டை. பிறகு குழியைக் காஸ் நாடாவால் நிரப்பச் சொல்லித்தருவார்கள். அதில் அடிக்கடி நடக்கும் தவறு, பஞ்சு மெத்தை அடைப்பது போலத் திணிப்பது. திணித்த காஸே உள்ளிருந்து அழுத்தும். ஒரே நீள நாடாவாக, தளர்வாக, சுவரைத் தொடுகிற அளவுக்கு வைத்து, வால் நுனி வெளியே தெரிய விடுங்கள். பல துண்டுகள் வைத்தால் எண்ணி எழுதுங்கள். உள்ளே மறந்த ஒரு துண்டு மாதக்கணக்கில் புண்ணை ஆற விடாது. பெரிய குழிகளுக்கு உறிஞ்சு இயந்திர டிரெஸ்ஸிங்கும், தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பக்கத்துச் சதையைத் திருப்பி மூடும் அறுவைச் சிகிச்சையும் உண்டு.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்: ஓரத்தைத் தாண்டிப் பரவும் சிவப்பும் சூடும், சீழ், திடீரென்று கூடும் வலி அல்லது வாடை, காய்ச்சல், நடுக்கம், புண்ணில் எலும்பு தெரிவது. வயதானவருக்குத் தொற்று முற்றியும் காய்ச்சல் வராமல் போகலாம். வழக்கத்துக்கு மாறான தூக்கம், குழப்பப் பேச்சு, சாப்பாட்டை ஒதுக்குவது, வேகமான மூச்சு எல்லாம் ரத்தத்தில் கிருமி கலந்ததன் அடையாளமாக இருக்கலாம், மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். இந்த அறிகுறி எதுவும் இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை தேவையில்லை. திறந்த புண் எல்லாவற்றின் மேற்பரப்பிலும் கிருமி இருக்கும், பஞ்சால் தொட்டெடுத்த சோதனையில் கிருமி வளர்ந்தது என்பது மட்டுமே தொற்றுக்குச் சாட்சி ஆகாது. மார்பின் நடுப்பகுதிக்கு மேலே முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு இன்னொரு ஆபத்து. புண்ணின் வலியை அவர் உணராமலே ரத்த அழுத்தம் எகிறி, தலை பிளக்கும் வலியும் முகச் சிவப்பும் வியர்வையுமாக வரும். அவரை உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

வாரம் ஒருமுறை, அதே கிழமையில், அதே படுக்கை நிலையில் அளவெடுங்கள். தலையிலிருந்து கால் நோக்கி நீளம், குறுக்கே அகலம். பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு படம். பாரம் எடுத்து, சாப்பாடும் சரியாகி, இரண்டு வாரத்தில் துளியும் சுருங்கவில்லை என்றால் எங்கோ தவறு இருக்கிறது. பெரும்பாலும் யாரும் பார்க்காத ஏதோ ஒரு நேரத்தில் அவர் அதன் மேலேயே இருக்கிறார்: தொலைக்காட்சி பார்க்கும் மாலை, எல்லோரும் தூங்கும் பின்னிரவு. அது இல்லையென்றால் அடியில் எலும்புத் தொற்று, ரத்த ஓட்டக் குறைவு, கட்டுப்படாத சர்க்கரை என்று மருத்துவர் தேட வேண்டும்.

கடைசிக் கட்டத்தில் இருக்கும் நோயாளிக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். உடம்பே மூடிக்கொண்டு வரும் நாட்களில் எவ்வளவு பார்த்தாலும் சில புண்கள் வரும். அது பராமரிப்பவரின் குற்றம் ஆகாது. அப்போது குறி, வலியும் வாடையும் இல்லாமல் பார்த்துக்கொள்வது. அவர் வேதனைப்பட்டால் புரட்டுவதைக் குறைக்கலாம்.

அம்மாவின் புண் மூடிய பிறகு, முதல் நாளே பழையபடி மல்லாக்கப் படுக்க வைத்துவிடாதீர்கள். ஆழமான புண்ணின் தழும்பு ஒருபோதும் பழைய தோலின் பலத்துக்கு வராது. அதே இடம் மறுபடி திறப்பது சகஜம். முதலில் கால் மணி நேரம் மல்லாந்து வைத்துத் திருப்பிப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் சிவப்பு மறைந்தால், அடுத்த நாள் இன்னும் கால் மணி. மறையவில்லை என்றால் இரண்டு நாள் விட்டு, மறுபடி கால் மணியிலிருந்து.